கஸ்பாருக்கு ஒரு நேற்று

துறைமுகத்திலிருந்து வீடு திரும்பியதும் மெர்சலின் செய்கிற முதல் வேலை, தன் வயதில் எட்டைக் குறைப்பது. சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட பழைய புடவையைச் சுற்றிக்கொள்வாள். கத்தரித்த முடி தெரியாதபடி முந்தானையைத் தலைக்கு இழுத்து விடுவாள். சின்ன அறையின் விளக்கைப் பாதியாகக் குறைப்பாள். கேமராவில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதவாறு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, சுவர்த்திரையைப் பார்த்து, "என்னங்க," என்பாள்.

திரை கொஞ்ச நேரம் சாம்பலாகக் கிடக்கும். பிறகு கஸ்பார் வருவான்.

"ஏட்டி, கடையிலேருந்து இப்பந்தான் வாரியா? மொகம் வாடிக் கெடக்கு."

"கல்யாண மாசம்லா. கூட்டம்."

"நின்னுக்கிட்டே இருக்காத. மொதலாளிட்ட கேட்டு ஒரு ஸ்டூல் போடச் சொல்லு." அவன் குரலைத் தாழ்த்துவான். "புள்ள உதைக்குதா?"

"உதைக்குது."

அந்தப் பிள்ளை, ஜெனோவா, அப்போது சமையலறையில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

கஸ்பார் என்றால் கஸ்பார் அல்ல, அவனுடைய நிகர். உண்மையான கஸ்பார் வியாழனைத் தாண்டிப் போய்த் திரும்பும் ஒரு கப்பலில் உறைதூக்கத்தில் இருந்தான். பன்னிரண்டு வருடப் பயணம். அவன் மாற்று மெக்கானிக். ஏதாவது பழுதானால் மட்டும்தான் எழுப்புவார்கள். இதுவரை எதுவும் பழுதாகவில்லை. தேர்வாகிக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் மெர்சலின் உண்டாகியிருப்பது தெரிந்தது. போகவில்லை என்று அவன் சொன்னான். இரண்டு நாள் கடற்கரையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். "போய்ட்டு வாங்க, இங்கன இருந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டு நாளெல்லாம் ஏங்குறதுக்கா?" என்று சொல்லி அனுப்பி வைத்தவள் அவள்தான்.

தூங்குகிறவனிடமிருந்து கடிதம் வராது. ஆகவே கப்பல் நிறுவனம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிகரைக் கொடுத்தது. கிளம்பும் வாரத்தில் கஸ்பாரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அவன் பேச்சு, நினைவு, கோபம், சிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். 'தொடுவான்' என்ற நிறுவனம் அதை நடத்தியது. கூப்பிட்டால் வருவான், பேசுவான், கேட்பான். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் கிளம்பிய வாரத்துக் கஸ்பார்தான், இன்னும் கப்பல் ஏறவில்லை என்ற நினைப்போடு வருவான். நேற்றுப் பேசியது இன்று அவனிடம் இருக்காது.

ஆரம்பத்தில் மெர்சலின் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பிறந்ததும் தூக்கிக் காட்டினாள். "அதுக்குள்ள பொறந்துட்டா? நான் இல்லாமலா பெத்த? யாருட்டி ஒங்கூட இருந்தா?" என்று கேட்டு அவன் உடைந்து அழுதான். மறுநாளும் அதையே கேட்டு அதே போல அழுதான். பிள்ளைக்குப் பல் முளைத்த போதும், நடந்த போதும் அவள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அழுகை புதிது, அவளுக்குத்தான் பழையது. ஜெனோவாவுக்கு நாலு வயதாகும்போது, "அப்பாவுக்கு ஏம்மா தெனமும் என்னைத் தெரிய மாட்டேங்குது?" என்று கேட்டாள். அன்றோடு மெர்சலின் அந்த அறைக் கதவைப் பிள்ளைக்கு மூடினாள். தானும் சொல்வதை நிறுத்தினாள். நகைக்கடையை விட்டு, பயிற்சி எடுத்து, துறைமுகத்தில் பெரிய கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குகிற வேலைக்குப் போய் நாளாகிவிட்டிருந்தது. அவனுக்காக மாலையில் ஒரு மணி நேரம் நகைக்கடைக்காரியாக, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் ஓடுகிறது என்று சில நாள் தோன்றும். சில நாள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வரும்போது, ஒரு நல்ல மனிதனை ஏமாற்றிவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், தொடுவானிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஹம்சவேணி, ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். இந்த மாதிரிச் செய்தியை ஃபோனில் சொல்லக் கூடாது, நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று விதி இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரோட நிகர் பழைய முறையில ஓடுதுங்க. அதைப் புதுசுக்கு மாத்தோணும்."

"ஓடுறது நல்லாத்தான ஓடுது?"

"ஓடுதுங்க்கா. அதான் பிரச்சினை." ஹம்சவேணி லேசாகச் சிரித்தாள். "கிளவுடுன்னு சொல்றோம், ஆனா அங்க ஒரு மிஷின் உங்க வீட்டுக்காரருக்குன்னு தனியா நிக்கிறதில்லீங்க. நீங்க கூப்பிடறப்ப ஒண்ணை எழுப்புவோம். எழும்பறப்ப அதுல என்ன ஏத்தோணும்னு ஒரு குறிப்பு இருக்குது, லாஞ்ச் கான்ஃபிகரேஷன்னு சொல்லுவோம். அவரு கிளம்புன வாரம் எழுதுனது. ஒருக்கா எழுதிட்டா அதுல ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. அதனாலதான் தினமும் அதே ஆளா வர்றாரு. நேரம் முடிஞ்சா மிஷின் கலைஞ்சிரும். அன்னைக்குப் பேசுனதும் அதோட போயிரும்."

"புதுசுல?"

"டெம்ப்ளேட்டுங்க. அதுக்குப் பதிப்பு உண்டு. இன்னைக்குப் பேசுனது நாளைக்கு எழும்பறப்ப சேர்ந்தே எழும்பும். நாளன்னைக்கு ரெண்டு நாளும் சேர்ந்து எழும்பும். மிஷினைக் கலைக்கவும் வேண்டாம், நாள் பூரா விட்டு வெக்கலாம்."

மெர்சலினுக்குப் புரிந்தது. சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியவில்லை. "அவுகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்," என்றாள்.

"இருக்குமுங்க. இருக்கோணும்னுதான் தீர்ப்பு. ஒருத்தரை தினமும் அதே நாள்லயே எழுப்பறது கொடுமைன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. மனுசனோ நிகரோ, கண்ணு முழிச்சா நேத்துன்னு ஒண்ணு இருக்கோணுமாம். இந்த மழை முடியறதுக்குள்ள பழைய முறையை நாடு பூரா நிறுத்தறாங்க."

"மாத்த வேண்டாம்னா?"

"மூடி வெச்சிருவோமுங்க. நெசமானவரு திரும்பி வர்ற வரைக்கும்."

"நெசமானவுக வந்தப்புறம் இவுக என்ன ஆவாவ?"

ஹம்சவேணி தன் கையிலிருந்த பையின் பட்டையைச் சுற்றினாள், அவிழ்த்தாள். "அதுக்கு இன்னும் சட்டம் வரலீங்க்கா," என்றாள்.

போகும் முன் வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். மாற்றிய பிறகு வருகிற முதல் நாள்தான் முக்கியம். அன்று அவரிடம் எதைச் சொல்கிறோமோ, எப்படிச் சொல்கிறோமோ, அது அப்படியே நிற்கும். அழித்துவிட்டு மறுபடி தொடங்க முடியாது. போன மாதம் மாற்றிய ஒரு வீட்டில், மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நிகர் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. "பேசாமயே இருக்கறாருங்க. ஆனா தினமும் எழும்பறாரு," என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மெர்சலின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது ஜெனோவா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. மெர்சலின் முழங்காலில் உட்கார்ந்து பிள்ளையின் தோளைப் பிடித்தாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக அவளுக்குக் கொடுக்க ஒரு நல்ல செய்தி இருந்தது.

"கேட்டியா? இனி அப்பாவுக்கு ஒன்னைத் தெரியும். தெனமும் தெரியும்."

"வேண்டாம்."

"என்னட்டி?"

"அப்பாவ மாத்த வேண்டாம். அந்த அக்காவை வர வேண்டாம்னு சொல்லு." தோளிலிருந்த அம்மாவின் கையை எடுத்துவிட்டாள். "மாத்திட்டா ஒரே ஒரு தடவைதான் சந்தோஷப்படுவாவ. அதுக்கப்புறம் எல்லா அப்பாவும் மாதிரி ஆயிருவாவ."

"ஒரு தடவையா? என்ன சொல்லுத?"

அப்புறம்தான் வெளியே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா வருவதற்கு முன் கிடைக்கிற நேரத்தில், ஜெனோவா அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். கதவுப் பூட்டு அம்மாவின் முகத்துக்குத்தான் திறக்கும். அம்மாவின் கல்யாணப் படத்தைக் காட்டினாலும் திறந்தது. இரண்டாம் வகுப்பில் தொடங்கியதாம். இப்போது மூன்றாம் வகுப்பில் பாதி ஆகிவிட்டது.

"தெனமுமா?"

"லீவு அன்னைக்கு முடியாது. நீ வீட்டுல இருப்பல்லா."

"போய் என்ன சொல்லுவ?"

"நான் யாருன்னு சொல்லுவேன்."

"சொன்னா அழுவாவளே."

"நீ சொன்னா அழுவாவ," என்றாள் ஜெனோவா. அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. மழை பெய்தால் தெரு நனையும் என்பது போலச் சொன்னாள்.

மெர்சலினுக்கு முதலில் கோபம் வந்தது. தனக்குத் தெரியாமல், தன் வீட்டில், தன் புருஷனோடு. கோபம் இருந்த இடத்தில் சற்று நேரத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. "எனக்குக் காட்டு," என்றாள்.

ஜெனோவா ரொம்ப யோசித்தாள். பிறகு, கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மூச்சுக்கூட விடக் கூடாது என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். விளக்கை முழுதாகப் போட்டாள். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேமராவின் முன்னால் நின்றாள்.

திரை சாம்பலாகி, கஸ்பாரின் குரல் வந்தது. "மெர்சி? ... யாரும்மா நீ? மெர்சியக்கா இல்லையா?"

"வருவாவ. அதுவரைக்கும் ஒங்களுக்கு ஒண்ணு காட்டவா?"

"காட்டு."

பிள்ளை முகத்தைத் திருப்பி, முடியை ஒதுக்கி, வலது காதைத் திரையருகே கொண்டுபோனாள். அவளுக்குக் காதின் முன்பக்கத்தில், கன்னத்தோடு சேருகிற இடத்தில், ஊசி குத்தினாற்போல் பிறவியிலேயே ஒரு சின்னத் துளை உண்டு. கஸ்பாருக்கும் உண்டு. அவன் தகப்பனுக்கும் இருந்ததாம்.

கதவுக்குப் பின்னால் நின்ற மெர்சலினுக்குத் திரை தெரியவில்லை. அவன் கை தானாகத் தன் காதுக்குப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இது... எங்க வீட்டுக் காதுல்லா. நீ யாரு வீட்டுப் புள்ள?"

"ஒங்க வீட்டுப் புள்ளைதான். ஜெனோவா. நான் பொறந்து, நல்லா வளந்து, மூணாம் கிளாஸ் படிக்கேன். நீங்க கப்பல்ல பத்திரமா தூங்குதீய. எல்லாரும் நல்லாருக்கோம். இப்ப நீங்க என்ன வேணும்னாலும் கேக்கலாம்."

கஸ்பார் சிரித்தான். அழுகையும் அதில் இருந்தது, ஆனால் அது சிரிப்புக்குள் கிடந்தது. "ஏ மாதாவே!" என்றான். "திரும்பு, திரும்பு, அந்தப் பக்கமும் காட்டு. எவ்வளவு ஒசரம் நீ? பல்லு ஏன் ஒண்ணக் காணோம்? மெர்சி பெத்துட்டாளா, அவ நல்லாருக்காளா?"

"நல்லாருக்காவ. ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாவ. இருக்குறதுலயே பெரிய கிரேன்."

"யாரு, மெர்சியா? திருவிழா ராட்டினத்துல ஏறச் சொன்னா என் சட்டையப் புடிச்சிக்கிட்டு அழுவா! அவளா?" அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. பக்கத்தில் ஆள் இருந்தால் முதுகில் தட்டிச் சொல்லியிருப்பான். "என் பொண்டாட்டி கிரேன் ஓட்டுதா! பாத்தியா!"

மெர்சலின் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமும் அவனிடம் மறைத்து வைத்திருந்தது இதைத்தான்.

நேரம் முடிந்து திரை அணைந்தது. ஜெனோவா வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "செல்வினாவோட அப்பா இருக்காவல்லா," என்றாள். "அவ ஸ்கூல் விட்டு வந்தா நிமிந்துகூடப் பாக்க மாட்டாவ. எங்கப்பா தெனமும் இப்படிப் பாப்பாவ."

திங்களும் செவ்வாயும் மெர்சலின் வேலையில் கிரேன் கைப்பிடியைப் பிடித்தபடியே யோசித்தாள். பிள்ளை சொல்வதில் தப்பில்லை. தினமும் ஒரு முழுச் சந்தோஷம். யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள அவனுக்குப் பெட்டி இல்லை. கொடுத்த கையோடு பிடுங்கிக்கொள்கிறோம், மறுநாள் மறுபடி கொடுக்கிறோம். கொடுக்கிறவர்களுக்குத்தான் கணக்கு இருக்கிறது.

ராத்திரிச் சோறு போடும்போது பிள்ளையிடம் கேட்டாள். "ஒனக்கு அப்பாவ நல்லாத் தெரியும், இல்லையா?"

"ம்."

"அவுகளுக்கு ஒன்னத் தெரிய வேண்டாமா?"

"தெரியுமே. காதப் பாத்ததும் கண்டுபுடிச்சிருவாவ."

"காதத் தெரியும். நீ எதுக்குக் கோவப்படுவ, ஒனக்கு எந்தக் குழம்பு புடிக்காது, தூக்கத்துல என்ன பெனாத்துவன்னு தெரியுமா? அதெல்லாம் ஒரு நாள்ல தெரிஞ்சிக்க முடியாதுல்லா."

ஜெனோவா தட்டில் இருந்த மீனை முள்ளெடுத்து முள்ளெடுத்துத் தூளாக்கினாள். படுக்கப் போகும்போது, "நான்தான் சொல்லுவேன். நீ வாயத் தெறக்கக் கூடாது," என்றாள். சம்மதம் அப்படி வந்தது.

மாற்றிய அன்று ஹம்சவேணி காலையிலேயே வந்து கூடத்தில் தன் கணினியோடு உட்கார்ந்தாள். பழைய குறிப்பிலிருந்து புது டெம்ப்ளேட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகவும், பழையது மூடப்பட்டதாகவும் சொன்னாள். "கூப்பிடலாமுங்க. இனி வர்றது நிக்கும்."

மெர்சலின் சீருடையிலேயே கதவோரம் நின்றாள். ஜெனோவா பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். விளக்கைப் போட்டாள். திரை சாம்பலானது.

"மெர்சி? ... யாரும்மா நீ?"

நூறு தடவைக்கு மேல் சொன்ன பிள்ளை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இந்தத் தடவை சொல்வது நிற்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முடியை ஒதுக்கப் போன கை பாதியில் நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், கண் நிறைந்து விட்டது.

"ஏன் அழுத? யாரு வீட்டுப் புள்ள? மெர்சி! ஏட்டி மெர்சி, இங்க ஒரு புள்ள அழுது!" கஸ்பாரின் குரலில் பதற்றம் ஏறியது.

மெர்சலின் உள்ளே போனாள். வேறு வழி தெரியவில்லை. வெளிச்சத்தில், சீருடையும் கத்தரித்த முடியும் கண்ணோரச் சுருக்கமுமாய் அவன் முன்னால் நின்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். "முடிய என்னட்டி செஞ்ச?" என்று கேட்டான், மிக மெதுவாக.

எல்லாம் தலைகீழாக வந்தது. முதலில் வருடத்தைச் சொன்னாள். அப்புறம் அவன் நிகர் என்பதை. தினமும் வந்ததை, தினமும் மறந்ததை, தான் நடித்ததை. பிள்ளையைக் கடைசியில்தான் சொன்னாள். அவன் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜெனோவாவை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, கூச்சம் இருந்தது. பிறர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

"கொஞ்சம் தனியா இருக்கணும்," என்றான்.

ஜெனோவா கூடத்துக்கு ஓடி ஹம்சவேணியின் கையைப் பிடித்தாள். "அக்கா, இன்னொரு தடவை! முதல்லேருந்து! நான் சரியா சொல்லிருவேன்!"

ஹம்சவேணி குனிந்து அவள் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "முடியாது கண்ணு," என்றாள். அவள் இந்த வேலையில் எத்தனை வீட்டில் இதைச் சொல்லியிருப்பாளோ, அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பல நாள் ஜெனோவா அந்த அறைப் பக்கமே போகவில்லை. பள்ளிவிட்டு வந்தால் கூடத்தின் மறு ஓரமாக நடந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அம்மாவிடமும் அளந்துதான் பேசினாள்.

மெர்சலின் மட்டும் மாலையில் போய் உட்கார்ந்தாள். புடவையைச் சுற்றிக்கொள்ளவில்லை. அவன் சில நாள் பேசுவான். பேசினால் கேள்விதான்.

"எத்தனை நாள் கடைக்குப் போறேன்னு பொய் சொன்ன?"

"நெறைய."

"நானும் நம்புனேன்."

"நம்புனீய."

"அப்ப ஒனக்குச் சிரிப்பு வந்துச்சா?"

"ஒரு நாளும் வரல."

அவன் தலையாட்டுவான். இன்னொரு நாள், அவனாகவே தொடங்கினான். "அவன் தூங்குதான், மெர்சி. எழுந்து வரும்போது அவனுக்கு நீ அந்த நீலப் புடவைதான். புள்ள வயித்துலதான் கெடக்கு. எனக்கு இப்பமே இவ்வளவும் தெரியும், இன்னும் நாலு வருஷம் தெரிஞ்சிக்கிட்டே போவேன். அவன் வந்து வாசல்ல நிக்கும்போது நான் யாருட்டி?"

அவள் திரையின் மேல் கையை வைத்தாள். கண்ணாடி லேசாகச் சூடாக இருந்தது, அவ்வளவுதான். ஆளை அனுப்பிவிட்டு ஏங்கியது ஒரு மாதிரி. ஆள் எதிரே இருக்கும்போது ஏங்குவது இன்னொரு மாதிரி என்று அப்போது தெரிந்தது. முன்னெல்லாம் அந்த வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இப்போது மூன்று பேர்.

"அணைக்காத," என்றான் அவள் எழுந்தபோது. "விட்டுட்டுப் போ. வீட்டுச் சத்தமாவது கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

அப்படித்தான் அவன் அந்த வீட்டைக் கற்றுக்கொண்டான். குக்கர் எத்தனை விசிலில் அணைகிறது, எந்தக் கதவு கிறீச்சிடும், ஜெனோவா குளியலறையில் என்ன பாட்டை முணுமுணுப்பாள், ஹோம்வொர்க் முடியாத நாளில் பேனாவை எப்படி மேசையில் தட்டுவாள். "அவளுக்குச் சளி புடிச்சிருக்கு, இருமுதா," என்று மெர்சலினுக்கு முன்னால் அவன் சொன்னான். பிள்ளை அறைக்குள் வராவிட்டாலும், கூடத்தின் வழியாக அவள் போகும்போது அவன் பேச்சை நிறுத்திக்கொள்வான். அவள் காலடி ஓய்ந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

ஒரு நாள் அந்த அறை வாசலில் ஜெனோவா நிற்பதை மெர்சலின் பார்த்தாள். உள்ளே போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, அப்பாவைப் பார்க்காமல் தன் நகத்தைப் பார்த்தபடி, "வெண்டைக்காய்க் குழம்பு எனக்குப் புடிக்காது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கஸ்பார் அன்று முழுக்க வேறு பேச்சே பேசவில்லை. "வெண்டைக்காய் வாங்காதட்டி," என்றான், இரண்டு தரம்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. மெர்சலின் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "யாரு? மெர்சியா? ஜெனோ வந்தாளா? ஒங்கூட வந்தாளா?" அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. பள்ளிவிட்டு எவ்வளவோ நேரமாகியும் பிள்ளை வரவில்லை. காலடியும் இல்லை, குழாய்ச் சத்தமும் இல்லை. யாரையும் கூப்பிட அவனுக்கு வழியில்லை. சுவருக்குள் கிடந்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

மெர்சலின் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பத் தெருவில் இறங்குவதற்குள் ஜெனோவா சாவகாசமாக வந்து சேர்ந்தாள். கையில் பாதி தின்ற மக்ரூன் பொட்டலம்.

"ஏட்டி! இங்க வா!"

ஜெனோவா திகைத்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போனாள்.

"எங்க போன?"

"செல்வினா வீட்டுக்கு."

"சொல்லிட்டுப் போவத் தெரியாதா? மணி என்ன? இருட்டப் போவுது, மழ வேற. ஒரு ஆளு இங்கன ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்னு நெனப்பு வேண்டாம்? எழுந்து தெருமுனை வரைக்கும் வந்து பாக்கக்கூட முடியாதே எனக்கு! என்ன நெனச்சிட்டிருக்க நீ? இனிமே சொல்லாமப் போனேன்னா பாரு!"

மக்ரூன் பொட்டலம் தரையில் விழுந்தது. ஜெனோவா விடுவிடுவென்று சமையலறைக்கு வந்து, அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்துகொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்தாள்.

"அப்பா என்னை ஏசிட்டாவ," என்றாள். தேம்பலில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "அப்பா என்னை... ஏசிட்டாவம்மா."

மெர்சலின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, அது என்ன அழுகை என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்ல? எழுந்து சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, மறுபடி பிள்ளையின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

வெகு நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. இப்போது அது தணிந்திருந்தது. பத்தடி தூரம்கூட இருக்காது. அந்தத் தூரத்தை அவனால் நடந்து வர முடியாது. நடக்கக்கூடிய கால் எங்கோ இருட்டில் உறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"மெர்சி... அவ சாப்பிட்டாளா?"

மெர்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெனோவா தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் தேம்பலை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள் மெர்சலின். "நீங்களே கூப்பிடுங்க."